ஒரு கேள்வியும் கேட்காமல் வண்டி ஓட்டிய சர்வேயர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு புள்ளி கூட்டவில்லை, ஒரு கொம்பு குறைக்கவில்லை. நடந்தது நடந்தபடி. சந்தேகப் பிராணிகள் இப்போதே எழுந்து போகலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் போனவர்கள் பிறகு திரும்பி வந்து, "அந்தக் கார் கடைசியில கீழ இறங்குச்சா, இல்லையா?" என்று நச்சரித்தால் பதில் கிடைக்காது.

சர்வேயர் என்றதும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு நிலம் அளக்கிறவரை நினைத்துவிட வேண்டாம். இவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். மோதிய கார், முட்டிய கார், உருண்ட கார் எல்லாவற்றையும் போய்ப் பார்த்து, இது எப்படி நடந்தது என்று கேட்பதுதான் வேலை. சும்மா கேட்க மாட்டார். ஒரே கேள்வியை நேராக ஒரு தடவை கேட்பார், திருப்பிப் போட்டு ஒரு தடவை கேட்பார், எதிராளி அசந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டிலிருந்து ஒரு தடவை கேட்பார்.

"வண்டி நின்னுட்டு இருந்துச்சா, ஓடிட்டு இருந்துச்சா?"

"நின்னுட்டுத்தான் சார் இருந்துச்சு. பின்னாடி வந்து இடிச்சுட்டான்."

"பாவம். இடிச்சதும் நீங்க எந்த கியர்ல வச்சுட்டு இறங்கினீங்க?"

"மூணாவது..."

அவ்வளவுதான். நின்ற வண்டிக்கு ஏது மூணாவது கியர்? அந்த ஆள் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டு நிற்பார்.

இவருடைய கேள்விக்கு இருந்த சக்தி மனிதர்களோடு நிற்கவில்லை. ஒரு நாள் ஒருவர், விளக்குக் கம்பம் குறுக்கே வந்ததால்தான் தன் காரின் மூக்கு நசுங்கியது என்று சாதித்தார். சர்வேயர் நியாயஸ்தர். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு முடிவு எடுக்க மாட்டார். நேரே கம்பத்திடம் போய், "அன்னிக்கு நீ எங்கயாவது நகர்ந்தியா?" என்று கேட்டார். பட்டப்பகலில் வீணாக எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கு பட்டென்று அணைந்தது. இன்றைக்கும் அவர் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் அந்த ஒரு விளக்கு மட்டும் அணைந்து, அவர் மூலை திரும்பிய பிறகுதான் எரிகிறது. மின்சாரக்காரர்கள் பல்பை மாற்றி மாற்றிச் சலித்துப்போனார்கள்.

இன்னொரு தடவை ஒரு காரின் கதவில் இருந்த நசுங்கலின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "யாரு பண்ணது?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நசுங்கல் வெட்கம் தாங்காமல் டப் என்று வெளியே வந்து கதவு வழுவழுவென்று ஆகிவிட்டது. வண்டிக்காரர் அழுதார். இல்லாத நசுங்கலுக்கு எந்தக் கம்பெனி பணம் கொடுக்கும்?

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு மகள். பதினாறு வயது. சின்ன வயதில் வைத்த 'வாண்டு' என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும் வயது வந்துவிட்டது, ஆனாலும் கூப்பிட்டார்கள்.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா, நடந்தும் ஒண்ணுமில்லையா, நடக்கவே இல்லையா?"

வாண்டு தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். சர்வேயர் மனைவியைப் பார்ப்பார். மனைவி பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களோடு நாள் முழுக்கப் பேசிப் பேசி, பதில் வராவிட்டாலும் நிம்மதியாக இருக்கக் கற்றுக்கொண்டவள்.

பரீட்சை முடிந்த வாரத்தில் விஷயம் ஆரம்பித்தது. வாண்டுவின் வகுப்பில் 'ஜிராஃபி' என்று ஒருத்தி. பெயருக்கான காரணத்தை அவள் கழுத்தே சொல்லும். அவள் வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் தொடங்கி ஒரு பார்ட்டி. ஜிராஃபியின் அப்பாவும் அம்மாவும் வெளியூரில். அண்ணன் மட்டும் வீட்டில் இருப்பான். அவனுக்குப் புதிதாக லைசென்ஸ் கிடைத்திருந்தது.

"வேண்டாம்" என்றார் சர்வேயர்.

"போகட்டும்" என்றாள் மனைவி. "வேண்டாம்னா ஜன்னல் வழியா போவா. அப்புறம் நமக்கு எங்க போனான்னுகூடத் தெரியாது."

"நான் இங்கதாம்மா இருக்கேன்" என்றாள் வாண்டு.

"தெரியுதுடி. உன் காதுல விழட்டும்னுதான் சொல்றேன். போ. உன் தண்ணி பாட்டில எடுத்துட்டுப் போ. கீழ வச்ச டம்ளரை மறுபடி எடுத்துக் குடிக்காதே. 'பஞ்சு' வர்றாளா?" பஞ்சு என்பது வாண்டுவின் உயிர்த் தோழி, காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு. "வர்றான்னா சேர்ந்து போங்க, சேர்ந்து வாங்க. ஒருத்தி பாத்ரூம் போனாலும் இன்னொருத்திக்குத் தெரியணும். குடிச்சவன் ஓட்டற வண்டியில ராஜா வீட்டுப் பிள்ளை கூப்பிட்டாலும் ஏறக்கூடாது. ஏதாவது சரியில்லைன்னு தோணுச்சுன்னா அப்பாவைக் கூப்பிடு."

"எல்லாரும் சுத்தி நிக்கும்போது எப்படிம்மா கூப்பிடறது? சிரிப்பாங்க."

அதற்கும் மனைவி வழி வைத்திருந்தாள். வாண்டு ஃபோன் செய்து, 'மீனுக்குத் தீனி போட்டீங்களா?' என்று கேட்க வேண்டும். வீட்டில் மீனும் கிடையாது, தொட்டியும் கிடையாது. அதைக் கேட்டதும் அப்பா ஃபோனில் காட்டுக் கத்தல் கத்தி, உடனே வீட்டுக்கு வரச் சொல்ல வேண்டும். சுற்றி இருப்பவர்கள், 'பாவம், இவ அப்பா ஒரு ராட்சசன்' என்று இரக்கப்படுவார்கள். மானம் போகாது.

"ராட்சசனா நானா?" என்றார் சர்வேயர்.

"நடிக்கக்கூட வேண்டாம்ப்பா" என்றாள் மகள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஆனா ஒரு கண்டிஷன். என்னைக் கூட்டிட்டு வரும்போது ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது. யாரு, என்ன, எப்போ, எதுவும் கூடாது. நானா சொன்னா சொல்லுவேன்."

"புருவத்தைத் தூக்கினா?"

"அதுவும் கேள்விதான்."

"தொண்டையைக் கனைச்சா?"

"நீங்க கனைக்கறதே 'ம்ம்?'னு கேள்வி மாதிரிதான் இருக்கும். கூடாது."

"அந்தப் பஞ்சுவுக்கு உடம்பு சரியில்லாம இருந்தா? நீயே மயங்கி இருந்தா?"

மனைவி நடுவில் புகுந்தாள். "ஒரே ஒரு கேள்விக்கு அனுமதி. ஆஸ்பத்திரிக்கா, வீட்டுக்கா. அவ்வளவுதான்."

வாண்டு யோசித்துத் தலையாட்டினாள். எழுந்து போகும்போது சாதாரணமாகத்தான் சொன்னாள்: "அதுக்கு மேல ஒரு கேள்வி வந்துச்சுன்னா அடுத்த தடவை கூப்பிட மாட்டேன். யாரு வண்டி கிடைக்குதோ அதுல வருவேன்."

சர்வேயர் தன் தொழிலில் பார்த்த ஒரு காரை மறக்க முடியாமல் வைத்திருந்தார். முன்பக்கம் பின்பக்கத்துக்கு வந்திருந்தது. பின்சீட்டில் கூம்பு வடிவத்தில் ஒரு காகிதத் தொப்பி, ஒற்றைச் செருப்பு. கூரையின் உள்பக்கம் கேக்கின் க்ரீம் ஒட்டியிருந்தது. எல்லா வண்டியிடமும் கேள்வி கேட்பவர் அந்த வண்டியிடம் மட்டும் ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்துவிட்டார். அதில் இருந்த பிள்ளைகளும் யாருக்காவது ஃபோன் செய்திருக்கலாம். செய்தால் என்ன கேள்வி வரும் என்று தெரிந்திருந்ததால் செய்யவில்லையோ என்னவோ.

"சத்தியம்" என்றார் சர்வேயர், மூடிய அறைக்கதவைப் பார்த்து.

சத்தியம் செய்வது சுலபம். பழகிப் பார்க்க வேண்டாமா? அடுத்த நாளே சோதனை வந்தது. வாண்டு பின்னல் போட்டுப் பள்ளிக்கூடம் போனவள், காது வரை வெட்டிய முடியோடு திரும்பி வந்தாள். சர்வேயர் வாயைத் திறந்தார். மூடினார். கேள்வியை விழுங்கினார். அது தொண்டைக்குள் கொக்கி மாதிரி வளைந்து இறங்கி நெஞ்சுக்கூட்டில் போய் நின்றது. நின்றதா? இல்லை, மேலே மிதந்தது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால்கள் தரையை விட்டு நாலு விரற்கடை எழும்பின. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லைக் கடிக்காதீங்க, தேஞ்சு போயிடும்" என்றாள் மனைவி, நாற்காலிக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுப் பெருக்கியபடி. வசதியாகத்தான் இருந்தது.

"ஒரே புழுக்கம், அதான் வெட்டிட்டேன்" என்று வாண்டு தானாகச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். நாற்காலி தடால் என்று இறங்கியது.

இதிலிருந்து ஒரு உண்மை தெளிவாகியது: கேட்காத கேள்வி காற்றைவிட லேசு. பதில் வந்தால் உடைந்துவிடும். விஞ்ஞானிகள் இதை ஏன் இன்னும் எழுதி வைக்கவில்லை என்றால், அவர்கள் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள்.

சனிக்கிழமை பொழுது சாயத் தொடங்கியது. சர்வேயர் கூடத்தில் நடந்து தேய்த்த இடத்தில் தரை பளபளத்தது. ஃபோன் அடித்தது.

"அப்பா, மீனுக்குத் தீனி போட்டீங்களா?"

பின்னணியில் திடும் திடும் என்று பாட்டு. யாரோ சிரித்தார்கள். இவ்வளவு நாள் காத்திருந்த மனிதர், தொழில் புத்தி போகுமா?

"எந்த மீனு?" என்றார்.

"அதாம்ப்பா, நம்ம மீனு."

"நம்ம வீட்ல ஏது மீனு? எப்போ வாங்கினது? வாங்கும்போது கூட யாரு இருந்தா?"

அடுப்பங்கரையிலிருந்து பறந்து வந்த ஈரத்துண்டு அவர் முகத்தில் அறைந்தது. மனைவியின் குறி எப்போதும் தப்பாது.

"அப்பா" என்றாள் வாண்டு, மிகப் பொறுமையாக, "மீனு செத்துடும்ப்பா."

அப்போதுதான் உறைத்தது. உறைத்த வேகத்தில் கத்தினார் பாருங்கள், கத்தல்! "இன்னும் அங்க என்ன பண்ணிட்டு இருக்கே! உடனே கேட்டுக்கு வா! நான் வர்றேன்! வந்தேன்னா தெரியும்!" தெருவில் போன ஐஸ் வண்டிக்காரர் தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வேகமாகத் தள்ளிக்கொண்டு ஓடினார். ஜிராஃபி வீட்டில் பாட்டே நின்றுவிட்டதாம். பிள்ளைகள் எல்லோரும் வாண்டுவின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்களாம்.

சர்வேயர் வண்டியை எடுத்தார். வீட்டில் இருந்த சின்ன நீலக் கார். ஒவ்வொரு சந்திப்பிலும் பச்சை விளக்கு அவருக்காகவே எரிந்தது. சிவப்பு எரிந்தால் ஏன் என்று கேட்டுவிடுவாரோ என்று அதற்கும் பயம்.

ஜிராஃபி வீட்டுக் கேட்டில் வாண்டு நின்றிருந்தாள். அவள் தோளில் பஞ்சு துவண்டு சாய்ந்திருந்தாள், முகம் பழைய காகிதம் மாதிரி. வாண்டு உடம்பில் அவளுடையது அல்லாத ஒரு சட்டை, மார்பில் பல்லைக் காட்டும் புலி. ஒரு காலில் செருப்பு, மற்றது வெறுங்கால். சற்றுத் தள்ளிப் படியில் ஜிராஃபியின் அண்ணன், விரலில் கார் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தான். கண்கள் இரண்டும் இரண்டு பக்கம் பார்த்தன.

சர்வேயர் தமக்கு இருந்த ஒரே ஒரு கேள்வியைக் கேட்டார். "ஆஸ்பத்திரிக்கா, வீட்டுக்கா?"

"வீட்டுக்குப்பா. அம்மாகிட்ட பேசிட்டேன். கூப்பிட்டா பதில் சொல்றா, மூச்சு சரியா இருக்கு. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொன்னாங்க. கூப்பிட்டும் கண் முழிக்கலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்பணுமாம்."

பின்சீட்டில் பஞ்சுவைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு வாண்டு உட்கார்ந்தாள். கதவு மூடியது. வண்டி கிளம்பியது.

சர்வேயர் கண்ணாடியில் பார்த்தார். புலி அவரைப் பார்த்தது. அது யார் சட்டை? முதல் கேள்வி இறங்கியது. அவள் சட்டை எங்கே? செருப்பு எங்கே? பஞ்சு என்ன குடித்தாள், கொடுத்தது யார், இவளும் குடித்தாளா, அந்தத் தடியன் சாவியோடு ஏன் நின்றான், கேட்டில் எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள், வீட்டில் பெரியவர்கள் ஒருத்தர்கூடவா இல்லை... ஒவ்வொன்றாக விழுங்கினார். ஒவ்வொன்றும் உள்ளே போய் உப்பியது. அவருக்குள் இடம் போதாமல் காது வழியாக மெல்லிய புகை வளையங்களாகக் கசிந்து, காரின் கூரைக்கு அடியில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு மிதந்தன.

தெருமுனையில் ஒரு வேகத்தடை. எப்போதும் இடுப்பை ஒடிக்கும். அன்றைக்கு ஒரு குலுக்கல்கூட இல்லை. சர்வேயர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். வேகத்தடை கீழே இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே கீழே.

செடிகொடிகள் இறங்கின, மதில்சுவர்கள் இறங்கின. ஒரு மருந்துக் கடையின் பெயர்ப்பலகை மெதுவாக அவர் தோள் உயரத்துக்கு வந்து, அதன் மேல் காய்ந்த பழைய பறவைக் கூட்டைக் காட்டிவிட்டு இறங்கிப் போனது. முதல் மாடி ஜன்னலில் ஒருவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கண் பார்த்துவிட்டதால் மரியாதைக்குச் சர்வேயர் தலையை அசைத்தார். அவரும் தூரிகையைத் தூக்கிப் பதிலுக்கு அசைத்தார். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் வாயில் நாலைந்து கிளிப்புகள் இருந்தன. அதனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவள் பிடித்திருந்த வெள்ளைப் படுதா காரின் சக்கரத்தை ஒரு தடவை தடவிவிட்டு விலகியது.

சர்வேயர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். திரும்பும்போது இண்டிகேட்டர் போட்டார். கூடு திரும்பும் கொக்குகள் வரிசையாக வழிவிட்டுப் போயின. ஒரு காகம் மட்டும் வைப்பரில் உட்கார்ந்து கொஞ்ச தூரம் சவாரி செய்தது.

மேலே போகப் போக ஊரின் சத்தம், யாரோ ஒரு கதவை மென்மையாகச் சாத்திக்கொண்டே வருவதுபோல் குறைந்தது. ஹாரன் போனது, நாய் குரைப்பது போனது, ஸ்கூட்டர் போனது. கடைசியில் பஞ்சுவின் மூச்சு மட்டும் கேட்டது, வருவதும் போவதுமாக. வானம் உள்ளங்கையில் மருதாணி கலைவதுபோல் ஓரங்களில் வெளுத்துக்கொண்டிருந்தது. கீழே ஒவ்வொரு வீடாக விளக்கு ஏறியது. ஒவ்வொரு விளக்குக்கு அடியிலும் யாரோ யாரையோ ஏதோ கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று சர்வேயருக்குத் தோன்றியது. இங்கே மேலேதான் ஒருவரும் கேட்கவில்லை. இவ்வளவு அமைதியாக அவரும் அவர் மகளும் ஒரே இடத்தில் இருந்து வருஷங்கள் ஆகியிருந்தன. தொட்டில் நாட்களில் இருந்திருக்கலாம். அப்போது அவளுக்குப் பேச்சு வரவில்லை, வந்திருந்தால் கேட்டிருப்பார்.

ஒரு மேகம் ஜன்னலை உரசியது. பஞ்சு ஒரு கண்ணைத் திறந்தாள். மேகத்தைப் பார்த்தாள். "நான் செத்துட்டேனா?" என்றாள்.

"இல்லடி. எங்கப்பா வண்டியில இருக்கே" என்றாள் வாண்டு.

பஞ்சு கொஞ்சம் யோசித்து, இனி வாழ்நாளில் பச்சை நிறத்தில் எதையும் குடிப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டு கண்ணை மூடினாள். அதை இன்றுவரை காப்பாற்றுகிறாள். கீரை சூப்கூடக் குடிப்பதில்லை.

வண்டி இன்னும் ஏறியது. ஸ்டியரிங் அவர் கையில் காகிதத் தட்டு மாதிரி கனமில்லாமல் திரும்பியது. சர்வேயருக்குக் குளிர்ந்தது. இப்படியே போனால் வீடு வராது, நட்சத்திரம்தான் வரும். கீழே இறங்க வழி அவருக்குத் தெரியும். ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். ஒன்றைத் திறந்துவிட்டால் எல்லாம் சேர்ந்து வெளியே கொட்டும், வண்டி இறங்கிவிடும். இன்றைக்கு எல்லோரும் பத்திரமாக வீடு சேர்வார்கள். அடுத்த தடவை? அடுத்த தடவை எவன் வண்டியிலோ, எந்தச் சீட்டிலோ. காகிதத் தொப்பி அவர் கண்ணுக்குள் வந்து போனது.

இருந்தாலும் மனிதர்தானே. வாய் தானாகத் திறந்தது.

"எ..." என்றார்.

கண்ணாடியில் மகளின் கண்கள் சட்டென்று நிமிர்ந்தன.

"எ...லுமிச்சம்பழம்" என்று முடித்தார்.

"என்னப்பா?" கேள்வி கேட்கக் கூடாதென்ற கண்டிஷன் அவருக்கு மட்டும்தான்.

"ஒண்ணுமில்ல. எலுமிச்சம்பழம்னு சொன்னேன்."

"எதுக்கு?"

"சும்மா சொல்லிப் பார்த்தேன். நல்ல பழம்."

வாண்டு உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது. சிரிப்புத்தான். சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மேகத்திடம் சொல்வதுபோல் சொன்னாள்:

"இது ஜிராஃபியோட தங்கச்சி சட்டை. என் சட்டை மேலதான் பஞ்சு வாந்தி எடுத்தா."

கூரைக்கு அடியில் ஒரு வளையம் பட் என்று உடைந்தது. வண்டி ஒரு மாடி உயரம் இறங்கியது. சர்வேயர் மூச்சு விடவில்லை.

"செருப்பு ஒண்ணு அவங்க வீட்டு வாசல் சாக்கடையில விழுந்துடுச்சு. அவளைத் தாங்கிப் பிடிக்கும்போது."

பட்.

"டப்பா டப்பாவா ஜூஸ் வாங்கி ஒரு வாளியில ஊத்தி வச்சிருந்தாங்க. பச்சையா. அந்த அண்ணனோட ஃப்ரெண்ட்ஸ் அதுல ஏதோ கலந்திருக்காங்க. யாரும் சொல்லல. பஞ்சு தாகம்னு டம்ளர் டம்ளரா குடிச்சா. நான் என் பாட்டில்லதான்..." நிறுத்தினாள். "நான் ஒரு வாய்தான் குடிச்சேன்."

வண்டி விருட்டென்று மேலே எகிறியது. காகம் பயந்து வைப்பரை விட்டுப் பறந்தது. பொய்யும் காற்றைவிட லேசுதான் போலிருக்கிறது.

சர்வேயர் சாலையைப் பார்ப்பதுபோல் வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். புருவத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், அது எழாமல் இருக்க.

"மூணு வாய்" என்றாள் வாண்டு. "நல்லாதான் இருந்துச்சு. அப்புறம் தொண்டை எரிஞ்சுது. அப்படியே வச்சுட்டேன்."

வண்டி இறங்கியது. பட், பட். தென்னைகளின் தலை தெரிந்தது, தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

"பஞ்சு உளற ஆரம்பிச்சதும் எல்லாரும் சிரிச்சாங்க. வீடியோ எடுத்தாங்க. மாடியில படுக்க வச்சுட்டு வா, சரியாயிடும்னு ஜிராஃபி சொன்னா. தனியா எப்படி விடறது? வாந்தி எடுத்தா மூச்சு அடைச்சுக்கும்னு அம்மா சொல்லியிருக்காங்க. நான் அவகூடவே பாத்ரூம் தரையில உக்காந்திருந்தேன். அந்த அண்ணன், நான் கொண்டுபோய் விடறேன்னு சொன்னாரு. சாவியைச் சுத்தறப்ப ரெண்டு தடவை கீழ போட்டாரு. குனிஞ்சு எடுக்கறப்ப சுவத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. எல்லாரும் 'ஏறு, ஏறு, என்ன பெரிய இவ மாதிரி'ன்னாங்க." அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் மெலிந்தது. "பயமா இருந்துச்சுப்பா. அப்பதான் மீனுக்கு ஃபோன் பண்ணேன்."

ஒரே சமயத்தில் ஏழெட்டு வளையங்கள் உடைந்தன. மொட்டைமாடிப் பெண் கடைசிப் படுதாவை மடித்துக்கொண்டிருந்தாள். தலைக்குச் சாயம் பூசியவர் இப்போது கண்ணாடி முன்னால் சீவிக்கொண்டிருந்தார். மதில்கள் எழுந்தன, செடிகள் எழுந்தன, தெருவின் சத்தம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தது.

"பஞ்சுவோட அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். நம்ம வீட்டுக்கு வர்றாங்க. திட்டுவாங்க. திட்டட்டும்."

வீட்டு வாசல் வந்தது. மனைவி ஒரு கையில் வாளியும் மறு கையில் துண்டுமாக நின்றாள். பின்கதவைத் திறந்து பஞ்சுவின் கன்னத்தைத் தட்டி, கண்ணைப் பார்த்து, நாடியைப் பார்த்து, "ம், பொழைச்சே. வாடி மகாராணி" என்று தாங்கி உள்ளே நடத்திப் போனாள்.

ஆனால் வண்டி முழுதாக இறங்கவில்லை. தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது. சக்கரங்கள் காற்றில் சுற்றின. சர்வேயர் பிரேக்கை மிதித்தார், ஒன்றும் நடக்கவில்லை. கூரையைப் பார்த்தார், ஒரு வளையம்கூட மிச்சமில்லை. நெஞ்சுக்குள்தான் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கார் கிளம்புவதற்கு முன்பே, அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே உள்ளே போய் உட்கார்ந்துவிட்ட கேள்வி. இன்னொரு நாள் இப்படி ஆனால் இவள் என்னைக் கூப்பிடுவாளா? அதை எந்த ஊர் பாஷையில் திருப்பிப் போட்டாலும் கேள்வியாகத்தான் வந்தது.

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனை நேரமானாலும் உட்கார்ந்திருக்கத் தயார். அந்தத் தெரு முழுக்க வந்து பார்த்துக் கைகொட்டிச் சிரித்தாலும் அவர் வாயைத் திறக்கப் போவதில்லை.

வாண்டு குதித்து இறங்கினாள். ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி அவர் ஜன்னலுக்கு வந்தாள். மிதக்கும் சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். இரண்டு விரலால் இன்னும் புருவத்தை அழுத்திக்கொண்டிருந்தார்.

"கையை எடுங்கப்பா, சிவந்துபோச்சு" என்றாள். பிறகு வீட்டைப் பார்த்து நடந்துகொண்டே, திரும்பாமல் சொன்னாள்: "அடுத்த தடவை கொஞ்சம் வேகமா வாங்க. கேட்ல நின்னு நின்னு கால் வலிச்சுடுச்சு."

வண்டி தொம் என்று விழுந்தது. சக்கரத்தின் மூடி ஒன்று கழன்று தெருவோடு உருண்டு, விளக்குகள் ஒவ்வொன்றையும் தாண்டி, எங்கோ போய்க் கிணிங் என்று படுத்தது. சர்வேயர் வெகுநேரம் இறங்கவில்லை. கால்கள் தரையில் இருக்கின்றனவா என்று அவருக்கு நிச்சயமில்லை.

கடைசியாக இன்னொரு சத்தியத்தையும் சொல்லிவிட வேண்டும்: சர்வேயர் இன்றுவரை கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை.